பதினொன்று ஐம்பது

ஆணையில் ஒரு வரி இருந்தது:
"குடிநோய்க்குச் சிகிச்சை பெற வேண்டும்."
எங்கே, யாரிடம், எந்த பஸ்ஸில் ஏறி,
இறங்கினால் யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்
என்பதற்கெல்லாம் வரி இல்லை.
போன தடவையும் இதே வரிதான்.
அங்கமுத்து அதை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நேராக லீ பஜாருக்குப் போனான், மூட்டை இறக்க.
பொழுது சாய்வதற்குள்
வரி வியர்வையில் ஊறிவிட்டது.

மூன்று திங்கட்கிழமை என் மேசைக்கு வரவில்லை.
நாலாவது திங்கள் எழுதினேன்:
"நிபந்தனையை மீறியுள்ளார்."
என் கையெழுத்து அழகு என்பார்கள்.
அதைப் படித்துத்தான் அவனை உள்ளே வைத்தார்கள்.

முதல் வாரம்
சுவரில் பூரான் ஊர்கிறது என்று
உள்ளங்கை வீங்கும்வரை அடித்தானாம்.
இரண்டாவது வாரம் சோற்றை அவனே பிசைந்தான்.
மூன்றாவது வாரம் என்னைப் பார்த்து,
"நல்லா எழுதியிருந்தீங்க மேடம்" என்றான்.
கேலியா, தெரியவில்லை.

செவ்வாய்தோறும் பெனடிக்டா வந்தாள்,
ஏற்காடு அடிவாரத்து மையத்திலிருந்து,
கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
ஊர்க்கதை பேச.
"வைத்தியம் அப்புறம்.
வெளியே வந்ததும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வேணும்ல."
ஜன்னலோரக் கட்டில் ஒன்றைப் பிடித்துவைத்திருந்தாள்.
வேறு யாருக்கும் போய்விடாமலிருக்க
அதன்மேல் தன் குடையை வைத்துவிட்டு வருவாள்.

இன்று விடுதலை.
சாயங்காலம் ஆறு என்றார்கள்.
கடை பன்னிரண்டுக்குத் திறக்கும்.
அதற்கு முன் அவன் வெளியே வர வேண்டும்.
இதைக் காரணமாகக் காட்டி மனு எழுத முடியாது;
ஆளாளுக்குக் கெஞ்சினேன்.
கிளார்க் டீயைக் குடித்து முடித்தார்.
முத்திரைப் பெட்டியில் மை காய்ந்திருந்தது.
என் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்குச் சின்னக் கதவு திறந்தது.
வெயிலைப் பார்த்தான். என் ஸ்கூட்டியைப் பார்த்தான்.
"பின்னாலயா மேடம்?"
ஏறு என்றேன்.

கோரிமேடு வழிதான் சுருக்கு.
"அதுல மூணு இருக்கு," என்றான்,
"இடப்பக்கம் ஒண்ணு, பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டு."
என் மகன் வாய்ப்பாடு சொல்லும் வேகம்.
கன்னங்குறிச்சி சுற்றிப் போனோம்.
மூக்கனேரித் தண்ணீர் மேலிருந்து
கொஞ்சம் காற்று வந்தது.

அங்கேயும் ஒன்று இருந்தது.
புதுசு. அவன் கணக்கில் இல்லாதது.
ஷட்டர் பாதி ஏறியிருக்க, வாசலில் எட்டு பேர்.
குறுக்கே ஒரு பசு வந்து நின்றது.
அந்தப் பசுவை நான் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன்.
அவன் பிடித்திருந்த பின்கம்பியின் நடுக்கம்
என் ஹேண்டில்பார் வரை வந்தது.

"போங்க மேடம்."
ஹாரன் அடித்தேன்.
"போங்க."

அடிவாரத்தில் தட்டுவடை செட் கேட்டான்.
காசு கொடுக்கும்போதும்
அவன் நிழலை மிதித்துக்கொண்டே நின்றேன்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தியது.
"இதையும் எழுதிக்குங்க," என்றான்.

மையத்து வாசலில் பெனடிக்டா இல்லை.
சாப்பிடப் போயிருந்தாள்.
பதிவேட்டில் புது ஆள். "கடிதம் இருக்கா?"
பையைக் கவிழ்த்தேன்:
சாவி, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, பாதி ஜெலூசில் அட்டை.
மலையேறும் பஸ் ஒன்று
முதல் வளைவில் ஹாரன் அடித்தது.
அங்கமுத்து ரோட்டைப் பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
அப்புறம் உள்ளே தலையை நீட்டி,
"அந்தக் கட்டில் என்னோடதுங்க," என்றான்,
"குடை இருக்கு பாருங்க."

திங்கட்கிழமை நானே வருகிறேன் என்றேன்.
"வாங்க.
மூணு திங்கள் வரலைன்னா
நானும் எழுதிடுவேன்."

திரும்பும்போது கோரிமேடு வழியாகவே வந்தேன்.
பங்குக்கு முன்னால் இரண்டு,
அப்புறம் வலப்பக்கம் ஒன்று.
சரியாகத்தான் சொல்லியிருந்தான்.
மூன்றும் திறந்திருந்தன.