எந்தப் பக்கம் விடலாம்?

மொன்றியல், மைல் எண்ட், ஐந்தாம் மாடி.
ஒரு கொடியவனைத் திருத்துவது என் வேலை.
வெள்ளிக்கிழமைக்குள்.

தளபதி வார்ஸ்க் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
இரண்டாம் அத்தியாயத்தில் களஞ்சியத்தைக் கொளுத்துகிறான்,
உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தே.
ஏழாம் அத்தியாயத்தில்
மழையில் மண்டியிடுகிறான்.
திரையின் அடியில் மூன்று சொற்கள் எழும்:
மன்னி. கொல். துரத்து.

ஆடிப்பார்க்க வந்தவர்களில்
நூற்றுக்கு எண்பத்தொரு பேர் மன்னித்தார்கள்.
நல்ல சனம் என்று நினைத்தேன்.
மரி-எவ் சிரித்தாள்:
"மன்னித்தால்தானே அவன் வில் கிடைக்கும்."

அவனுக்கு நான் எழுதிய அழுகை
பதினொரு விநாடி.
இசையமைப்பவர் பதின்மூன்று கேட்டார்.
கொடுத்தேன்.

யோகச்சந்திரன் அழவில்லை.

பார்க் எக்ஸில் பத்தொன்பது வீட்டுச் சீட்டுக்காசோடு
ஒரு பெப்ரவரி இரவில் காணாமல் போனவர்.
சொந்தமில்லை, ஒரே ஊர்,
சித்தப்பா என்று கூப்பிட்ட பழக்கம்.
அதில் ஒன்பதாயிரம் என்னுடையது.
கோப்பை கழுவிய கையின் வெடிப்பில்
சவர்க்காரம் எரிந்த ஒன்பதாயிரம்,
கல்லூரிக்குக் கட்ட இருந்தது.

எட்டு வருடம் கழித்து
உப்பு வெளுத்த சப்பாத்தோடு வாசலில் நின்றார்.
எனக்குள் மூன்று சொற்களும் எழுந்தன.
அவர் கேட்டார்:
"தம்பி, இண்டைக்கு எந்தப் பக்கம் கார் விடலாம்?"

அவ்வளவுதான் வசனம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை
தபால்பெட்டியில் ஓர் உறை, நாற்பது டொலர்.
பிறகு நாற்பது. பிறகு இருபது.
இரண்டு மாதம் ஒன்றுமில்லை.
பிறகு நாற்பது.
வகுத்துப் பார்த்தேன்: பதினெட்டே முக்கால் வருடம்.
அவருக்கு அறுபத்து மூன்று வயது.

இன்னும் பொய் சொல்கிறார்.
லவாலில் அலுவலக வேலை என்கிறார்,
சட்டைக் கையில் பேக்கரி மாவு.
என்னிடமே சிகரெட் கேட்கிறார்.
செல்வமலர் அக்கா உறையைப் படிக்கட்டில் விட்டெறிந்தார்.
பொறுக்கிக்கொண்டு போனார்.
அடுத்த சனிக்கிழமை
அதே உறை, சப்பாத்து அடையாளத்தோடு,
அதே பெட்டியில்.

வெள்ளிக்கிழமை நான் மழையை நிறுத்தினேன்.
மண்டியை நிமிர்த்தினேன்.
பதின்மூன்று விநாடியையும் அழித்தேன்.
மூன்று சொற்களையும் அழித்தபோது
மரி-எவ் தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.
இப்போது ஏழாம் அத்தியாயத்தில்
எரிந்த களஞ்சியத்துக்குப் பலகை அடிக்கிறான் வார்ஸ்க்.
வேண்டுமானால் பார், வேண்டாவிட்டால் போ.
வில்?
விற்று ஆணி வாங்கிவிட்டான்.

பெரும்பாலும் திட்டினார்கள்.
கதை இங்கே உடைந்துவிட்டது.
எந்தப் பொத்தானை அழுத்துவது?
இவன் ஏன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை?

வெர்டனிலிருந்து வந்த ஒரு தாதி மட்டும்
நாற்பது நிமிடம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.
வார்ஸ்க் அடித்தான். அவள் நின்றாள்.
குறைகள் எழுதும் கட்டத்தில்
ஒரே ஒரு வரி எழுதிப் போனாள்:
பலகையின் மற்ற முனையைப் பிடிக்க முடியவில்லை.

உண்மைதான்.
அதற்கான அசைவை நாங்கள் செய்யவேயில்லை.

இன்று சனிக்கிழமை. விடியமுன் கொட்டிய பனி.
தபால்பெட்டி மூடி ஒருமுறை தட்டி அடங்கியது.
தெருமுனையில் பனி அள்ளும் வண்டிகள்,
அவற்றுக்கு முன்னால் கார் இழுக்கிறவனின் சைரன்.
அவருடைய பழைய கொரோலா
பிழையான பக்கத்தில் நிற்கிறது.
அவரோ அடுத்த வீட்டுப் படியில்,
கையில் மிச்ச உறைகள்.

இழுத்துப் போனால் மீட்கிற காசு
எத்தனை நாற்பது?

கண்ணாடியில் தட்டினேன். கேட்கவில்லை.
வெறுங்காலோடு கதவைத் திறந்து கத்தினேன்:
"மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!"

அதற்கு முன்னால் ஏதோ சொல்லிக் கூப்பிட்டேன்.
பேரையா, முறையையா,
சைரன் சத்தத்தில்
எனக்கே விளங்கவில்லை.