பீச்சாங்கைப் பக்கம்

கடற்கரைச் சாலை என்றுதான் பேர்.
தேவிபட்டினம் தாண்டியும் கடலைக் காணோம்.
சீமைக்கருவை, சீமைக்கருவை,
நடுவில் ஓர் இறால் பண்ணைக் கம்பிவேலி,
மறுபடி சீமைக்கருவை.
"எங்க வாப்பா கடல்?" என்கிறான் இல்யாஸ்
நாலாவது முறையாக.
ருமானா போனைப் பார்த்துச் சொல்கிறாள்:
இருக்கு, நீலமா, ஒரு விரக்கடை தூரத்துல.

பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்.
எங்களை வைத்து ஓட்டுவது இதுதான் முதல் தடவை.
பெரியபட்டினத்தில் கிளப்பும்போதே
கியரைத் தேடி வலக்கையால் கதவை இடித்தார்.
லீவு முப்பத்தைந்து நாள்.
ஏழு நாள் மொட்டைமாடி ஒழுகலுக்கு,
மூன்று நாள் ஆதார் திருத்தத்துக்கு,
விருந்துக்குப் போனதை எண்ணவில்லை.
மிச்சத்தில்தான் மெட்ராஸ்.
பிள்ளைகளுக்கு மெட்ரோ ரயில் பார்க்கணும்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
தொதல் டப்பாவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு
பின்சீட்டில் ஏறினேன்.
முன்சீட்டில் அவர் பெட்டி, பூட்டுப் போட்டது.
திரும்பி வர வேறு டிரைவர் சொல்லியாச்சு.

அங்கே ஒரு ரோடு இருக்கிறதாம்,
சூர் என்கிற ஊரிலிருந்து மஸ்கட் வரை.
ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் கடல்,
நடுவில் நெய் தடவினது மாதிரி.
வெள்ளிக்கிழமை தவறாமல்
முதலாளி குடும்பத்தை அதில் கூட்டிப்போவார்.
எந்த வளைவில் ஆடு நிற்கும்,
எந்த பங்கில் டீ நன்றாயிருக்கும்,
சின்னப் பெண் ஷைமாவுக்கு எங்கே குமட்டும்,
எல்லாம் எனக்குப் பாடம், ராத்திரிப் போனில்.
ருமானாவுக்கும் வண்டி ஏறினால் குமட்டும்.
அதை நான் சொன்னதில்லை.

திருப்பாலைக்குடி தாண்டி
மண்பாதை ஒன்றில் திருப்பினார்.
சேறு. அதற்கப்பால்
சேற்றின் நிறத்திலேயே படுத்துக்கிடந்த தண்ணீர்.
அலை இல்லை.
வெகுதூரத்தில் ஒரு ஆள்
முழங்கால் ஆழத்தில் வலையோடு நடந்துகொண்டிருந்தார்.
"இதுவா?" என்றான் இல்யாஸ்.

இவர் இறங்கி, சுற்றி வந்து,
என் பக்கத்துக் கதவைத் திறந்து,
கைப்பிடியை விடாமல்
நெஞ்சை நிமிர்த்தி, பார்வையைத் தரையில் போட்டு
நின்றார்.
ஒரு மூச்சு நேரம்தான்.
எந்தக் காலை முதலில் வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.
பிறகு அவருக்கே உறைத்து,
"கதவு டைட்டா இருக்கு" என்றார்.
"ஆமா" என்றேன்.

ருமானா தடுமாறி இறங்கி
வாயைப் பொத்திக்கொண்டாள்.
நான் முந்தானையைத் தேடுவதற்குள்
அவர் சட்டைப்பையிலிருந்து வந்தது
நாலாய் மடித்த பிளாஸ்டிக் பை.
நெற்றியை எப்படித் தாங்க வேண்டும் என்றுகூட
அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

திரும்ப மெயின்ரோட்டில் ஏறும்போது
வண்டி தானாக வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது.
எதிரே மீன் லாரி.
ஹாரன். பிரேக். தொதல் டப்பா காலடியில்.
லாரிக்காரர் என் மாமியார் வரைக்கும்
திட்டிவிட்டுப் போனார்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இவர்
"அங்க எல்லாம் இந்தப் பக்கந்தான்" என்றார்,
யாரிடமோ.

பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டேன்.
முன்சீட்டில் ஏறினேன்.
பெல்ட்டை எங்கே சொருகுவதென்று
அவர்தான் காட்டினார்.

தொண்டி முக்கு.
"பீச்சாங்கைப் பக்கம்" என்றேன்.
"தெரியும்."
பாலம் இறங்கியதும், "பீச்சாங்கை."
"தெரியும்டி."
மைல்கல்லில் சென்னை நானூற்றுச் சொச்சம்.
பின்னால் இரண்டும் வாய் பிளந்து தூங்க,
சோத்தாங்கைப் பக்கம், இரண்டு பனைக்கு நடுவில்
கடல் ஒரு கோடாய்த் தெரிந்தது, போனது.
யாரையும் எழுப்பவில்லை.

அதைப் பார்த்ததில்
அடுத்த முக்கில் சொல்ல மறந்துவிட்டேன்.
வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி
அவராகவே கேட்டார்:
"எந்தப் பக்கம்?"