நூற்று நாற்பத்தேழாவது வரி

திட்ட அட்டவணையில் இருநூற்றுப் பதினான்கு வரிகள்.
எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு நிறம்.
நூற்று நாற்பத்தேழில் மட்டும்
"இரவு 3.10க்கு ஏதோ ஒன்று ஓடுகிறது" என்று எழுதியிருந்தேன்.
பொறுப்பாளர் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

டௌகவ்பில்ஸ் நகரத்து வெந்நீர்க் குழாய்களை
இருபத்தெட்டு வருடம் ஒரு பழைய நிரல் கவனித்துக்கொண்டது.
எழுதிய கெனாதி
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போய்விட்டான்.
நிரலுக்குள் அவன் விட்டுப்போன குறிப்பு ஒன்றே ஒன்று:
"இதைத் தொடாதே."

பதினொரு வாரம் அந்த வரியை மஞ்சளில் வைத்திருந்தேன்.
"இன்னும் மஞ்சளா?" என்பார் ஐனார்ஸ்.
இன்னும் மஞ்சள்தான்.
பன்னிரண்டாம் வாரம் அவர் கேட்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
பச்சையாக்கிவிட்டேன்.
பொய் என்று சொல்லிவிட முடியாது.
தெரியாது என்பதற்கு எங்களிடம் நிறம் இல்லை.

மாற்றும் இரவு பிப்ரவரியில் வந்தது.
தேதி குறித்தவர்கள் நிதியாண்டைப் பார்த்தார்கள்,
குளிரைப் பார்க்கவில்லை.
மைனஸ் பத்தொன்பது.
பாலத்தடியில் ஆறு
வெள்ளையடித்த சாலைபோல் கிடந்தது.
ஐந்தாம் மாடியில் நாங்கள் நான்கு பேர்,
கம்பு ரொட்டி, டப்பா மீன்,
மூன்று சார்ஜர்.

பதினொன்று நாற்பதுக்குப் பழையது நின்றது.
புதிய திரை பளிச்சென்று எழுந்தது.
அழுத்தம் சரி. வெப்பம் சரி.
மூன்று பத்து வந்தது.
மூன்று பதினொன்றும் வந்தது.
"பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை" என்று
ரெய்னிஸ் சிரித்தான்.
எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

மூன்று இருபத்தாறுக்கு
மூலையில் இருந்த சாம்பல்நிறத் தொலைபேசி அடித்தது.
அதற்கு இணைப்பு இருக்கிறதென்றே
எங்களில் யாருக்கும் தெரியாது.

மூன்றாம் கொதிகலன் நிலையத்திலிருந்து லெயோகாதியா.
"இன்றைக்குத் தாள் வரவில்லை."
என்ன தாள்?
"தினமும் மூன்று பத்துக்கு வருமே.
பிரிண்டர் கிர்ரென்று ஒரு வரி அடிக்கும்.
'இணைப்பு உண்டு.'
அவ்வளவுதான், வேறொன்றும் இருக்காது."
பதினேழு வருட இரவுப்பணி, தனி ஆள்.
இங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் எரிகிறது என்றார்.
பிறகு,
"அங்கே நீங்கள் எல்லாரும் நலம்தானே?"

திட்டம் தொடங்கியதிலிருந்து
எத்தனையோ கேள்விகளுக்கு நிரல்நிரலாய்ப் பதில் எழுதியவள்.
இதற்கு வாய் வரவில்லை.
நலம் என்றேன்.
"சரி, தேநீர் கொதிக்கிறது" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை முறைப்படி மாற்றக் கோரிக்கை எழுதினேன்.
காரணம்: பயனர் எதிர்பார்க்கிறார்.
பலன், யூரோவில்: பூஜ்யம்.
குழு நாற்பது விநாடி எடுத்துக்கொண்டது.
"இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்."

இரண்டாம் கட்டம் எங்கே இருக்கிறதென்று கேட்காதீர்கள்.
அது ஒரு ஊறுகாய் ஜாடி.
போட்டவர்கள் உண்டு,
எடுத்துத் தின்றவர் இல்லை.

அன்று மாலை எல்லோரும் போனபின்
நானும் ரெய்னிஸும் இருபது நிமிடம் உட்கார்ந்தோம்.
பிரிண்டர் அவனைவிட மூத்தது,
முரண்டு பிடித்துப் பிறகு பேசியது.
தேதியும் வெப்பநிலையும் சேர்க்கட்டுமா என்றான்.
வேண்டாம்.
அதே வரி. அதே முற்றுப்புள்ளி.

நிரலுக்கு மேலே குறிப்பை நானே எழுதினேன்:
"இது மூன்றாம் நிலையத்து லெயோகாதியாவுக்கு.
நிறுத்துவதென்றால் நிறுத்து.
முதல் நாளே அவருக்குப் போன் செய்."

நேரப் பதிவேட்டில் இருபது நிமிடத்தை
'இதர' என்று போட்டேன்.
அட்டவணையைத் திறந்து
பொறுப்பாளர் கட்டத்துக் கோட்டை அழித்து
என் பெயரை அடித்தேன்.
நிறத்தில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.
அது எப்போதோ பச்சை.