ஏழாவது தூண்

புக்கிட் தெராங் டவுன் மண்டபத்துக்கு
நான் கரையான் பார்க்கப் போனவன்.
சரித்திரம் கேட்டு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பன்னிரண்டு தூண். சுத்தியல் காம்பால்
ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
செங்கால் மரம், ணங் என்றது.
ஆறு வரைக்கும் அதே பதில்.
ஏழாவது
காலிப் பால்வாளி மாதிரி முனகியது.

"அதுவா?" என்றார் செயலாளர் தனக்கோடி.
"அது மாரிக்கண்ணு கங்காணி தின்ன தூண்."

ஆளுக்கு மாதம் ஐந்து காசு,
நாலு தோட்டம், மூன்று வருஷம்.
அந்தக் காசில் எழும்பிய மண்டபம்.
ஆணி இல்லாமல் கூட்டிய சட்டம்,
துளைக்குள் நாக்கு, குறுக்கே மரமுளை.
தச்சர் லிம் ஆ தெக் ஒவ்வொரு இணைப்பிலும்
உளியால் சீனத்தில் எண் வெட்டியிருக்கிறார்.
பக்கத்தில் யாரோ கரிக்கட்டியால்
௧, ௨, ௩ என்று.
ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தெரிந்திருக்காது.
கூரை நேராகத்தான் நிற்கிறது.

பிரட்டுக் கலைந்தபின் சங்கக் கூட்டம்,
வெள்ளை வேட்டி கட்டிப் படம்,
அடையாளக் கார்டுக்கு விடியுமுன் வரிசை,
எல்லாம் இந்தப் பலகைமேல்தான்.
சிவப்புக் கார்டோடு திரும்பியவர்கள்
எந்த வாசலால் போனார்கள் என்று தெரியவில்லை.
எல்லா வாசற்படியும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டும் செங்கால்.
ஏழாவது மட்டும் பால்மரம், தார் பூசி மறைத்தது.
அதனால் கங்காணி திருடன்.
அவர் வம்சத்தில் இன்றுவரை ஒருவரும்
கமிட்டியில் உட்கார்ந்ததில்லை.

ஏணி போட்டு ஏறினேன்.
உத்திரத்துக்குக் கீழே ஒரு முழம்
செங்கால் இன்னும் இருந்தது.
அதில் உளி எண். கரியில் ௭.
அதற்கும் கீழே ரம்பத்தின் பல்.

நட்ட தூணைப் பிறகு யாரோ அறுத்திருக்கிறார்கள்.
ஜப்பான்காரன் காலமா, சயாம் ரயிலுக்குக் கட்டையா,
பெட்டி செய்யப் பலகை கிடைக்காத வாரமா,
மரம் அவ்வளவு பேசாது.
கங்காணி தின்னவில்லை. அதை மட்டும் சொன்னது.

இன்னொன்று. பால்மரத்தின் அடி எப்போதோ மண்ணாகி,
தூண் தரையைத் தொடவே இல்லை.
மேலே இரும்புப் பட்டை, இரு பக்கமும் சாய்வுக்கட்டை.
இத்தனை வருஷமும் கூரைதான்
தூணைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தனக்கோடியிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தார்.
"அடுத்த மாசம் பொதுக்கூட்டம்," என்றார்.
"இப்ப எதையும் எழுத வேண்டாம்."

விலைத்தாளில் எழுதினேன்:
தூண் ஒன்று மாற்ற, ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
கீழே இடம் மிச்சமிருந்தது.
அறுத்த வெட்டு மேலே இருக்கிறது,
பார்க்க ஏணி வேண்டும்
என்று சேர்த்தேன்.