ஜெயவதனியின் நம்பர்

பரந்தன் சந்தி. கரண்ட் திரும்பி வந்து பத்து நிமிசம்.
காலைக் கழற்றி மேசையில் வைத்தாள் ஜெயவதனி.
"ரெலிபோன் நம்பர் அடிச்சுத் தாங்கோ.
வரம்பில வச்சிட்டு நாத்துப் பிடுங்க இறங்கினா
நாய் இழுத்துக்கொண்டு போகுது."

பொலிப்புரொப்பிலீன்.
எதையும் கிட்ட அண்டவிடாத சாமான்.
ஸ்கிறீனை வளைத்துப் பிடித்து யூவீ மை இழுத்தேன்.
ஊதா விளக்கின்கீழ் இரண்டு செக்கன்,
கல்லாய்க் காய்ந்தது.
செலோரேப் ஒட்டி உரித்தேன்:
பத்து இலக்கமும் ரேப்போடு வந்தன.

"அதுக்கும் என்னைப் பிடிக்கேல்லையோ?"

காஸ் சுவாலையின் நீல நுனியால்
ஒரு மூச்சுக்குள், உருகமுன், தடவி எடுத்தேன்.
சேம்பிலையில்போல் உருண்டோடிய தண்ணீர்த்துளி
இப்போது பரந்து படுத்தது.
திரும்ப மை. திரும்ப ஊதா.
பிளேட்டால் கட்டம் கட்டமாய்க் கீறி
ரேப்பை இழுத்தால்
வெறும் ரேப்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
"காலைவிட நம்பர் கனகாலம் நிக்கும் போல.
அடுத்த காலுக்கு அரைவிலை, என்ன?"
பூட்டிக்கொண்டு ஏ-ஒன்பதைக் கடந்து
முறிகண்டிப் பக்கம் போகிற பஸ்ஸை மறித்தாள்.

இரவு கை கழுவும்போது கண்டேன்,
முழங்கையில் ஒட்டியபடி அந்த முதல் ரேப்.
எல்லா இலக்கமும்
நேராய், வாசிக்கிறமாதிரி.