நூலில் கட்டிய பேனா

ஜெலுத்தோங் மினிமார்க்கெட் வாசலில்
பெயர், எண், வெப்பம் எழுத ஒரு நோட்டு.
நூலில் கட்டிய ஒரு பேனா.

எல்லோரும் பயந்தது அந்தப் பேனாவுக்குத்தான்.

டிஷ்யூ சுற்றிப் பிடித்தார்கள் சிலர்.
லோரி ஓட்டும் இருதயசாமி
சொந்தப் பேனாவைக் காதில் செருகி வந்தார்.
லிம் ஆன்டி சொல்லச் சொல்ல நானே எழுதினேன்;
தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது,
இருவருமே கவனிக்கவில்லை.

மழையில் நனைந்து வந்தவர் நெற்றியில்
துப்பாக்கி முப்பத்திரண்டு காட்டியது.
"அப்படின்னா நான் செத்து
ரெண்டு நாளாச்சும்மா" என்றார்.
ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச்
சிரித்தது வரிசை.

பிறகு யாரோ இருமினார்.

மஞ்சள் நாடாக் கட்டங்களுக்குள்
கால்கள் மெல்லப் பின்வாங்கின.
"உள்ளே மிளகாய்த்தூள் மூட்டை பிரிக்கிறாங்க"
என்று கைதூக்கிச் சொன்னார்.
யாரும் நம்பவில்லை.

எனக்கும் தும்மல் வந்தது.
மிளகாய்தான்.
கவசத்துக்குள் அதை விழுங்கினேன்,
கண்ணில் நீர் முட்ட.

இரவு, கதவை இறக்கிவிட்டுப்
பேனாவைத் துடைத்தேன்.
கடைசி வரியில் என் பெயர், என் எண்.
வெப்பம் பார்க்க
என் நெற்றிக்கு நானே நீட்டினேன்.
பேட்டரி தீர்ந்திருந்தது.

நேற்று எழுதியதையே எழுதினேன்.