எந்தக் கூட்டம்

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டு அறுபது நாள்.
நாலு தூர் நெல்லை மண்ணோடு பிடுங்கி
உரச்சாக்கில் சுருட்டி
கோபியிலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே
கோவைக்கு வந்திருந்தார் செல்லாயாள்.
"புகையானுங்க. மருந்தடிச்சுப் போடலாமுங்களா?"

கருணாம்பிகை மேடம் ஒன்றைப் பிடித்து
நுண்ணோக்கியில் வைத்தார்.
வயிற்றில் கொப்புளம்.
கொப்புளத்துக்கு ஒரு மூடி.
மூடி அசைந்தது.

வெளியே வந்தவன் ஆண்.
எள்ளில் பாதி இருப்பான்.
மல்பெரிப் பழம்போல முண்டும் முடிச்சுமாய்க் கண்கள்.
முன்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டை,
பின்னால் விசிறி.
தின்ன வாயில்லை, தின்ன நேரமும் இல்லை.
பெண் இன்னொரு புகையானின் வயிற்றுக்குள்.
காலில்லை, கண்ணில்லை, சிறகில்லை.
வெளியே நீட்டியிருப்பது
தலையோ நெஞ்சோ என்று பிரிக்க முடியாத ஒரு துணுக்கு.

லேபிள் எழுதுவது என் வேலை.
பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்,
எந்த இழுப்பறை சார்?

"வண்டு" என்றார் சென்னியப்பன் சார்.
"பறக்கிறது பின்சிறகில். வேறென்ன சாட்சி வேணும்?"
"ஈ" என்றார் மேடம்.
"அந்தக் கட்டையைப் பாருங்க. ஈ நிலைதவறாம திரும்பறதே அதை வெச்சுத்தான்."
"ஈக்குக் கட்டை பின்னால. இதுக்கு முன்னால."
"முன்னும் பின்னும் என்னைக்கோ இடம் மாறியிருந்தா?"
"சட்டையைத் திருப்பிப் போட்டா ஆள் மாறிருமா?
மரபணு வண்டுக்குப் பக்கம்னு சொல்லுது."
"பக்கத்து வீடெல்லாம் பங்காளி வீடா சார்?"

எங்கள் சீமையில்
பேருக்கு அடுத்த கேள்வி, எந்தக் கூட்டமுங்க.
காடை, ஆந்தை என்று பறவைப் பேரிலேயே உண்டு.
பங்காளியா மாமன் மச்சானா என்று தெரிந்த பிறகுதான்
பேச்சு அடுத்த படிக்கு ஏறும்.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சார் ஊரைக் கேட்டார்.
ஊரில் எங்கே என்றார்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றேன்.
கூட்டம் கேட்கவில்லை.

டீ வந்தது. வடை வந்தது.
வண்டின் கால்நகம், ஈயின் கூட்டுப்புழு,
கரும்பலகையில் கிளை கிளையாய் ஒரு மரம்,
அழித்து இன்னொரு மரம்.
கண்ணாடிக் குழாயில் அவன் சுவரில் முட்டி முட்டிப் பறந்தான்.
உள்ளே அடைபட்டவளின் வாசம்
பக்கத்துக் குழாயிலிருந்து எப்படியோ எட்டியிருக்க வேண்டும்.
தக்கையைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

நாலேகாலுக்குப் பார்த்தபோது அடியில் கிடந்தான்.
காலையில் பிறந்தவன்.

"ஏனுங்க, அது புகையானத் திங்குதுங்களா, இல்லீங்களா?"
மூலையில் செல்லாயாள் இன்னும் உட்கார்ந்திருந்தார்.
"உள்ள இருந்து திங்கும்மா. முட்டை வைக்க விடாது."
அன்று இருவரும் ஒன்றாய்ச் சொன்ன ஒரே வாக்கியம்.
"அப்ப நம்ம ஆளுங்கதானுங்க."
சாக்கை உதறி மடித்துக்கொண்டு
மருந்து வாங்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

தேதி எழுதினேன். ஊர் எழுதினேன்.
நெல், புகையான், வயிறு என்று எழுதினேன்.
கூட்டத்துக்கு நேரே கோடு மட்டும்.
வண்டுக்கும் ஈக்கும் நடுவே இழுப்பறை இல்லாததால்
அவன் குப்பி மேசைமேல் நிற்கிறது,
டீ கிளாஸ் வைத்த வட்டத்துக்குள்.

அவளைப் பிரித்தெடுத்தால் கிழிந்துவிடுவாள்.
புகையானோடு சேர்த்தே சாராயத்தில் போட்டு
புகையான் இழுப்பறையில் வைத்தேன்.
லேபிளில் அவள் இல்லை.